முந்திரிச் சாமி

1

‘மார்கழி பிறந்த வாரம், வெள்ளி. அரையாண்டுத் தேர்வு, கணக்கு. முதல் மணி அடிக்கும் முன்பே பள்ளியிலிருந்து போன். கயல் பொங்கல் சாப்பிட்டிருக்கிறாள். ஊசி போட்டாகிவிட்டது. வண்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டது.’

மூன்று ஆண்டுகளுக்கு முன் நெய்வேலியில் எழுதிய குறிப்பு. அன்றைய பக்கத்தில் வேறு எதுவும் இல்லை. நாள் தவறாமல் எழுதும் பழக்கம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அவர் சுரங்கத்தில் ஷிப்ட் பொறுப்பில் இருந்தவர். ஷிப்ட் முடிந்ததும், அடுத்து வருகிறவருக்காக நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் பஸ் ஏறுவார். அதில் அபிப்பிராயத்துக்கு இடம் கிடையாது.

இந்த வாரம் அந்தப் பக்கத்தைத் தேடி எடுக்கக் காரணம், இங்கே நெதர்லாந்தில் என் மகள் கயல் சேரவிருக்கும் உயர்நிலைப் பள்ளி அனுப்பிய கடிதம். தொடக்கப் பள்ளியில் அவளுக்கென்று தனி மேசை இருந்தது. யாராவது பிறந்தநாளுக்கு எதையாவது பங்கிட்டால் அவளுக்குக் கொடுப்பதற்காக, நாங்கள் நிரப்பிக் கொடுத்த ஒரு பெட்டியும் வகுப்பில் இருந்தது. புதிய பள்ளியில் இரண்டும் இல்லை. உயர்நிலைக்கு வந்த பிள்ளை தன் உணவைத் தானே விசாரித்துக்கொள்ள வேண்டும் என்று மரியாதையாக எழுதியிருக்கிறார்கள். நியாயம்தான். ஆனால் அவள் விசாரிப்பாளா என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள ஒரே சான்று அந்த வெள்ளிக்கிழமை. அது எந்தப் பக்கம் பேசுகிறது என்பது எனக்குத் தெரியவில்லை.

2

கயலுக்கு முந்திரி ஆகாது. பிஸ்தாவும். இரண்டு வயதில், இங்கே ஐந்தோவனில் ஒரு தீபாவளிக் கூடுகையில், யாரோ நீட்டிய முந்திரிக் கேக்கில் ஓரம் கடித்தாள். உதடு வீங்கியது, பிறகு இருமல், பிறகு மூச்சு இழுக்கும் சத்தம். அன்றிலிருந்து பேனா வடிவில் இரண்டு ஊசிகள் அவள் போகுமிடமெல்லாம் போகின்றன. தொடையில் அழுத்திப் பிடித்தால் மருந்து இறங்கும். அதன் வேகம் குறைவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும்.

அவளுக்கு ஒன்பது வயதானபோது என் கணவரின் நிறுவனம் அவரை ஓராண்டுப் பணிக்கு அனுப்பியது. எங்கே என்றால், நான் பிறந்து வளர்ந்த நெய்வேலிக்கு. அனல்மின் நிலையத்துக்கு அவர்கள் கொடுத்த இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. என் அண்ணன் சுரங்கத்தில் பெர்மனென்ட். அவனுடைய குவார்ட்டர்ஸில்தான் தங்கினோம். வந்த முதல் வாரமே அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டார்.

“உலகத்துல வேற ஊரே இல்லையா? பண்ருட்டியில இருந்து விருத்தாசலம் வரைக்கும் முந்திரிக்காடு. நடுவுல கொண்டாந்து வச்சிக்கிட்டு முந்திரி ஆகாதுங்கிறே.”

அது உண்மை. அந்தப் பக்கத்தில் முந்திரி விருந்துக்கு மட்டும் எடுத்து வைக்கும் பொருளல்ல. குருமாவில் அரைத்து ஊற்றுவார்கள், உப்புமாவில் போடுவார்கள், உடைந்த பருப்பைப் பிள்ளைகள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விளையாடப் போவார்கள். வெளியூரில் பருப்பை எண்ணிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் சிரிப்பார்கள்.

அண்ணன் விஷயத்தை இன்னும் எளிதாக எடுத்துக்கொண்டான். “அலர்ஜிதானே? எனக்குக்கூடத்தான் கத்திரிக்காய் அலர்ஜி. அரிக்கும். சொறிஞ்சிக்கிட்டே சாப்பிடுவேன்.”

அலர்ஜி என்ற சொல் ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்ததுதான் சிக்கல். கருவாடு, கத்திரிக்காய், புது சோப்பு. அரிப்பு, தடிப்பு, ஒரு மாத்திரை. தெரியாத சொல்லாக இருந்திருந்தால் விளக்கியிருக்கலாம்.

3

பள்ளியின் பெயர் வேண்டாம். டவுன்ஷிப்பில் உள்ள பள்ளிகளில் ஒன்று. நல்ல பள்ளி.

ஐந்தோவனில் இதற்கென்று அச்சடித்த படிவம் இருந்தது. கயலின் புகைப்படம், முதல் அறிகுறி தெரிந்தால் என்ன செய்வது, இரண்டாவது தெரிந்தால் என்ன, யாருக்குப் போன். நெய்வேலிப் பள்ளி அலுவலகத்தில் அப்படி ஒன்று கிடையாது. “ஒரு ரிக்வெஸ்ட் லெட்டர் எழுதிக் குடுத்துடுங்க மேடம்” என்றார் எழுத்தர். எழுதினேன். டச்சு மருத்துவரின் சான்றிதழை இணைத்தேன். அதில் உள்ளூர் டாக்டர் ஒருவரின் முத்திரை வேண்டும் என்றார். வாங்கினேன். எழுத்தர் முழுவதையும் நிதானமாகப் படித்தார், வருத்தத்துடன் தலையசைத்தார், விடுப்புக் கடிதங்கள் வைக்கும் கோப்பில் சேர்த்தார். வேறு எதில் சேர்ப்பார்? பெற்றோரிடமிருந்து பள்ளிக்கு வரும் கடிதம் என்றால் அந்த ஒரு கோப்புதான் இருந்தது.

வகுப்பாசிரியை ஷீலா மிஸ் இளம்பெண். ஊசியை எப்படிப் போடுவது என்று காட்டியபோது தானும் ஒருமுறை மருந்தில்லாத மாதிரியை வைத்துச் செய்து பார்த்தார். இரண்டு ஊசிகளில் ஒன்றை அலுவலக அலமாரியில் வைப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். முதல் நாள் கயலை வகுப்பின் முன் நிறுத்தி, அவளைப் பற்றிச் சொல்லச் சொன்னார்.

டச்சுப் பள்ளியில் நான்கு வயதிலிருந்தே கயலுக்கு ஒரு வாக்கியத்தைப் பழக்கியிருந்தார்கள். ஆண்டுதோறும் புது வகுப்பில் அதைச் சொல்வாள், பிள்ளைகள் கேட்டுக்கொள்வார்கள், அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அதைத் தமிழில் சொன்னாள்.

“எனக்கு முந்திரி குடுக்காதீங்க. குடுத்தா நான் செத்துப் போவேன்.”

ஷீலா மிஸ் பதறிப்போனார். அன்று மாலை என்னிடம் சொன்னபோதும் அந்தப் பதற்றம் போகவில்லை. “நான் உடனே வாயைப் பொத்திட்டேங்க. குழந்தை அப்படிச் சொல்லலாமா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா. இனிமே சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க மேடம்.”

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. என் அம்மா இருந்திருந்தால் அவரும் அதையேதான் செய்திருப்பார். ஆனால் உள்ளதை உள்ளபடி சொன்ன ஒரே வாக்கியம் முதல் நாளிலேயே தடைசெய்யப்பட்டுவிட்டது. அதன் இடத்தில் வேறொன்று வந்தாக வேண்டும்.

4

வந்தது. கொண்டுவந்தவள் சுபஸ்ரீ, கயலின் பக்கத்து இருக்கைக்காரி.

நெய்வேலியில் மதிய உணவுக்குப் பிள்ளைகள் வட்டமாக உட்காருவார்கள். டிபன் பாக்ஸ் மூடிகளை நடுவில் வைத்து, ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து வைப்பார்கள். திருநெல்வேலிக்காரர் வீட்டுப் புளிக்குழம்பும் கோயமுத்தூர்க்காரர் வீட்டு அரிசிம்பருப்புச் சோறும் அந்த மூடிகளில்தான் சந்திக்கும். நானும் அப்படித்தான் சாப்பிட்டு வளர்ந்தேன். கயல் முதல் மூன்று மாதங்கள் அந்த வட்டத்துக்கு வெளியே, சுவர் ஓரமாக, தன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். டச்சுப் பள்ளியின் தனி மேசைக்குப் பழகியவள்தான். ஆனால் அங்கே எல்லாருமே தனித்தனியாகத்தான் தின்கிறார்கள். ஆளுக்கொரு ரொட்டி.

கார்த்திகை முதல் தேதி சுபஸ்ரீ தன் அப்பாவோடு சபரிமலைக்கு மாலை போட்டாள். கன்னிச்சாமி. அவளுக்கென்று வீட்டில் தனித் தட்டு, தனித் தம்ளர். பள்ளியிலும் பிள்ளைகள் அவளை “சாமி” என்றே கூப்பிட வேண்டும். முட்டை கொண்டுவந்த பிள்ளை அவளிடமிருந்து தள்ளி உட்கார வேண்டும். அந்த வாரம் யாரோ கயலிடம், ஏன் நீ எங்ககூடச் சாப்பிடுவதில்லை என்று கேட்டிருக்கிறார்கள். கயல் பழைய வாக்கியத்தைச் சொல்ல முடியாமல் விழித்திருக்கிறாள். சுபஸ்ரீ குறுக்கிட்டாள்.

“அவளுக்கு முந்திரி விரதம்டி. நான் கறி மீன் தொடறதில்லைல்ல, அதே மாதிரி.”

“தொட்டா?”

“தொட்டா தீட்டு. கை கழுவிட்டு வரணும்.”

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து வகுப்பு முழுக்க அதற்குக் கட்டுப்பட்டது. சட்னியில் முந்திரி அரைத்த பாக்ஸ் என்றால் கொண்டுவந்தவளே வட்டத்தை விட்டு எழுந்து தள்ளிப் போனாள், கை கழுவிவிட்டு வந்தாள். ஒருவர் கரண்டி இன்னொருவர் பாக்ஸில் படக் கூடாது என்பதை டச்சுப் பள்ளி படம் வரைந்து ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கும், பாதிப் பிள்ளைகள் மறப்பார்கள். இங்கே யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

கயல் வட்டத்துக்குள் போனாள். ஒரு வாரத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. “முந்திரிச் சாமி வர்றாங்க, வழி விடுங்கடி” என்று பையன்களும் பெண்களும் ஒதுங்கி நின்று கும்பிடுவார்கள். அவளும் கை தூக்கி ஆசீர்வாதம் செய்வாள். வீட்டில் டச்சிலேயே பேசிக்கொண்டிருந்தவள், “அத்தே, சாமிக்குப் பசிக்குது” என்று அண்ணியிடம் வந்து நிற்க ஆரம்பித்தாள்.

தீட்டு என்ற சொல்லோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. மாதத்தில் சில நாள் அந்தச் சொல்லால் ஒதுக்கிவைக்கப்பட்டு வளர்ந்தவள் நான். பள்ளியில் ஆயாவாக இருந்த அஞ்சலையம்மா அதை ஒருமுறைகூடச் சொல்லிக் கேட்டதில்லை. அவர் டவுன்ஷிப்புக்கு வெளியே உள்ள காலனியிலிருந்து வருகிறவர். அந்தச் சொல் அவரை என்னைவிட அதிக நாள் துரத்தியிருக்கும். “சுத்தமா இருக்கணும்” என்பார், அவ்வளவே. இருந்தாலும், என் மகள் வட்டத்தில் உட்கார்ந்து சாப்பிட முடிந்தது அந்தச் சொல்லால்தான் என்பதை எழுதாமல் விட முடியாது.

அண்ணிக்கு மிகவும் திருப்தி. “நீ அரைக் கோப்பு லெட்டர் எழுதினே. அந்தக் குட்டி ஒத்த வார்த்தையில முடிச்சிட்டா பாரு.”

5

விரதத்துக்கு அதற்கே உரிய விதிகள் உண்டு. எங்கள் யாருக்கும் அது உறைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கணக்குத் தேர்வு. அஞ்சலையம்மா விடியற்காலையில் பெருமாள் கோயிலுக்குப் போய், பிள்ளைகள் நன்றாக எழுத வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, மார்கழிப் பிரசாதமான வெண்பொங்கலை ஒரு தூக்கில் வாங்கி வந்திருக்கிறார். நெய் மினுக்க, முந்திரி வறுத்துப் போட்டது. மணியடிப்பதற்கு முன் வரிசையாக வந்து பிள்ளைகளின் உள்ளங்கையில் ஆளுக்கு ஒரு உருண்டை வைத்தார். ஷீலா மிஸ் அப்போது கேள்வித்தாள் வாங்க அலுவலகம் போயிருந்தார். கயல் மற்றவர்களைப் பார்த்துக் கற்றிருந்தபடி இடது கையை வலது கைக்குக் கீழே வைத்து நீட்டினாள். வாங்கினாள், கண்ணில் ஒற்றினாள், வாயில் போட்டாள்.

வகுப்பில் அத்தனை பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு துளி சட்னிக்கு எழுந்து தள்ளிப் போனவர்கள். ஒருவரும் தடுக்கவில்லை. பிறகு சுபஸ்ரீயிடம் கேட்டேன். அவளுக்கு என் கேள்வியே புரியவில்லை.

“அது பிரசாதம் ஆன்ட்டி. நானே மாலை போட்டுக்கிட்டு வாங்கிக்கிட்டேனே. பிரசாதத்துக்கு ஏது விரதம்?”

கேள்வித்தாளோடு திரும்பிய ஷீலா மிஸ், கயல் தொண்டையைத் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறார். ஊசி அலுவலக அலமாரியில் இல்லை. சாவி எழுத்தரிடம் இருக்கிறது, எழுத்தர் சில நாள் வருவதில்லை என்பதைக் கவனித்து, எங்களிடம்கூடச் சொல்லாமல், தன் கைப்பையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். சீருடையின் மேலேயே தொடையில் அழுத்தினார். இரண்டு கையாலும் பிடித்ததாகச் சொன்னார். யாரோ ஒரு மாணவியின் அப்பா ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திக்கொண்டிருந்தார். ஸ்கூட்டரில் அவளைப் படுக்கவைக்க முடியாது என்று அவரை விட்டுவிட்டு, பள்ளி வண்டியிலேயே ஏற்றிப் புறப்பட்டார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கயலுக்கு ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். இரண்டாவது ஊசி என் கையில் இருந்தது. தேவைப்படவில்லை. மறுநாள் வரை வைத்திருந்து அனுப்பினார்கள்.

கண் விழித்ததும் அவள் கேட்டது டச்சில்: கணக்குத் தேர்வை மறுபடி எழுத விடுவார்களா?

6

தாளாளர் விசாரணை வைத்தார். அஞ்சலையம்மா காண்ட்ராக்ட் ஆள். விசாரணை முடியும் முன்பே, அவரை நிறுத்திவிடுவார்கள் என்ற பேச்சு பிளாக் முழுக்கப் பரவிவிட்டது. வார்டில் கயலின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றே ஒரு அம்மா அண்ணியிடம் அதைச் சொன்னார். கயலுக்கு விழிப்பு இருந்தது என்று பின்னால் தெரிந்தது.

விசாரணை நாளன்று தாளாளர் அறைக்கு வெளியே அஞ்சலையம்மா என்னைப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தவர், எடுத்துவிட்டுப் பேசினார்.

“பாப்பா கேட்டுச்சும்மா. கைய நீட்டிக்கினே, ‘இதுல முந்திரி இருக்கா ஆயா’ன்னு கேட்டுச்சு. நான்தான், சாமி பிரசாதம் கண்ணு, ஒண்ணும் பண்ணாது, சாமிய நெனச்சிக்கினு துன்னுன்னு சொன்னேன். அது மேல ஒரு தப்பும் இல்ல. வூட்டுக்குப் போயி அத்த அடிச்சிகிடிச்சி வெக்காதீங்க.”

“அடிக்க மாட்டேன். நெசமாவே கேட்டாளா?”

“நான் எதுக்கும்மா பொய் சொல்லணும்? இதச் சொன்னா எனக்குத்தான் வேல போவுது.”

வீட்டுக்கு வந்து கயலிடம் கேட்டேன். கயல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“நான் கேக்கலை. ஆயா ஒண்ணுமே சொல்லலை. கை நீட்டினேன், போட்டாங்க. என் தப்பு.”

“ஆயா வேற மாதிரி சொல்றாங்களே.”

“அவங்களுக்கு வயசாயிடுச்சு, மறந்துடுவாங்க.” அஞ்சலையம்மாவுக்கு வயது ஐம்பதுகூட இருக்காது.

அன்று வகுப்பில் கயலுக்குப் பக்கத்தில் நின்றிருந்த சுபஸ்ரீயும் சாட்சிக்கு உதவவில்லை. கண்ணை மூடிச் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தாளாம்.

வரலாற்று நூல்களை வாசிக்கிறவர்களுக்கு ஒரு பொது விதி தெரியும். தனக்கே பாதகமாக ஒருவர் சொல்வதை எளிதில் தள்ளிவிடக் கூடாது. அதன்படி பார்த்தால் அஞ்சலையம்மாவை நம்ப வேண்டும், தன் வேலையைப் பணயம் வைத்துச் சொல்கிறார். கயலையும் நம்ப வேண்டும், திட்டு வாங்கத் தயாராகி நிற்கிறாள். இருவரில் ஒருவர் இன்னொருவரைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்கிறார். யார் என்பதைக் கண்டுபிடிக்க நான் படித்த எந்தப் புத்தகமும் உதவவில்லை.

அஞ்சலையம்மாவை நிறுத்த வேண்டாம் என்று பள்ளிக்கு இன்னொரு கடிதம் கொடுத்தேன். அதுவும் விடுப்புக் கோப்புக்குத்தான் போயிருக்கும். அவரைச் சின்னப் பிள்ளைகளின் கட்டடத்துக்கு மாற்றினார்கள், வேலை போகவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஷீலா மிஸ் கயலை மறுபடி வகுப்பின் முன் நிறுத்தினார். அந்தப் பழைய வாக்கியத்தை ஒரு சொல் மாற்றாமல் சொல்லச் சொன்னார். பிரசாதமானாலும்தான் என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். திங்கட்கிழமை பார்த்துத்தான் செய்தார். கயல் அதன் பிறகும் வட்டத்தில்தான் சாப்பிட்டாள். முந்திரிச் சாமி என்று கூப்பிடுவதை மட்டும் பிள்ளைகள் தாங்களாகவே விட்டுவிட்டார்கள். அவளுக்கு அதில் வருத்தம்.

7

இப்போது ஐந்தோவன். அலர்ஜிப் பிரிவுச் செவிலியர் ஆண்டுக்கொருமுறை கேட்கும் கேள்விகளில் ஒன்று: பிள்ளை தானாகக் கேட்கிறாளா? கேட்காத பிள்ளைக்கு ஒரு விதமான பயிற்சி, கேட்டுவிட்டுப் பெரியவர் சொன்னால் நம்பிவிடும் பிள்ளைக்கு வேறு விதமான பயிற்சி. முதலாமவளுக்குக் கூச்சத்தை விடக் கற்றுக்கொடுப்பார்கள். இரண்டாமவளுக்கு, அன்பாகச் சொல்கிறவரையும் மறுக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். அது கடினம் என்று செவிலியரே சொல்கிறார். என் மகள் இவர்களில் யார் என்று சொன்னால்தான் தொடங்க முடியும் என்கிறார்.

என் கணவர், “ரெண்டையும் சொல்லிக் குடுக்கச் சொல்லு, முடிஞ்சுது” என்கிறார். செய்யலாம். செய்யப்போகிறோம். ஆனால் எனக்கு அது போதவில்லை.

சென்ற ஞாயிறு அண்ணியிடம் போனில் பேசியபோது அஞ்சலையம்மாவைப் பார்த்தால் இன்னொருமுறை கேட்கச் சொன்னேன். கடைத்தெருவில் பார்த்துக் கேட்டிருக்கிறார். பதில் மாறவில்லை. “பாப்பா கேட்டுச்சுன்னுதான் சொல்லுது. சொல்லிட்டு என்னையே மொறைக்குது, இன்னுமா இதப் புடிச்சிக்கினு இருக்கீங்கன்னு” என்றார் அண்ணி.

கயலிடம் நேற்று மாலை கேட்டேன். சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தாள். புதிய பள்ளிக்குத் தனியாக மிதித்துப் போகப்போகிறாள். நிமிராமல் டச்சில் பதில் சொன்னாள்: ஞாபகம் இல்லை.

“தமிழ்ல சொல்லு.”

“ஞாபகம் இல்லைம்மா.” பம்ப்பைக் கழற்றிக்கொண்டே, “ஆயா இன்னும் வேலைக்கு வர்றாங்களா?” என்றாள்.

வருகிறார் என்றேன். தலையசைத்துவிட்டு, முன்சக்கரத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

இதை எழுதும்போது பள்ளி திறக்க இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. அந்த வெள்ளிக்கிழமை காலை, கையை நீட்டியபோது, அதில் முந்திரி இருக்கிறதா என்று என் மகள் கேட்டாள் என்பதற்கு ஒரு வாக்குமூலமும், கேட்கவில்லை என்பதற்கு ஒரு வாக்குமூலமும் உள்ளன. மூன்றாவது சாட்சி இல்லை. கேட்டாளா என்பது இன்று வரை சரிபார்க்கப்படவில்லை.